6 பேரின் இசை, 38 பேரின் ஓர்கெஸ்ட்ரா: வன்னிப் படைப்பொன்றின் மறுவாக்கம் பற்றிய நிகழ்வு ஆய்வு

இங்கே ஆராயப்படுவது, கிளிநொச்சியில் வாழும் இசையமைப்பாளர் ஒருவர் நாட்டிய நாடகத்துக்கென எழுதிய தன் இசையைத் தானே ஓர்கெஸ்ட்ராவுக்காக, அதாவது மேலைத்தேய வாத்தியப் பெருங்குழுவுக்காக, மாற்றி எழுதிய பணி. மூலத்தில் 6 பேர்: ஒரு பாடகி, ஆர்மோனியம், வயலின், புல்லாங்குழல், மிருதங்கம், உடுக்கு. உடுக்குக்காரரே தாளமும் போடுவார். காலபோகம், அதாவது மாரிமழைக் கால நெல் வேளாண்மைதான் கதை. மழை வேண்டல், விதைப்பு, காவல், ஒப்பாரி, அரிவி வெட்டு, சூடடிப்பு என 6 பகுதிகள். புதிய வடிவம் 38 பேருக்கானது, நடனம் இல்லை, ஏறத்தாழ 14 நிமிடங்கள்.

பிறர் எழுதிய இசையை ஓர்கெஸ்ட்ராவுக்கு மாற்றுபவர் மூலத்துக்குக் கட்டுப்பட்டவர். தன் இசையைத் தானே மாற்றுபவர் ஸ்வரத்தையே மாற்றலாம், ஒரு பகுதியையே தூக்கிவிடலாம். அந்த உரிமையைப் பயன்படுத்தாமல், இருந்த வரிகளை அப்படியே கூடுதல் வாத்தியங்களுக்குப் பங்கிட்டதால்தான் முதல் வரைவு தோற்றது. மூலத்தில் எது இசைக்காக எழுதப்பட்டது, எது அன்று கிடைத்த வாத்தியத்துக்காகவும் அன்றைய களத்துக்காகவும் எழுதப்பட்டது என்று பிரித்துப் பார்த்த பிறகே வேலை நகர்ந்தது.

களம் என்பது இங்கே சிறிய விடயம் அல்ல. வன்னியில் இத்தகைய நாடகங்கள் கோயில் வீதியிலோ பாடசாலை மைதானத்திலோ திறந்த வெளியில் நடப்பவை. குழாய் ஒலிபெருக்கியில் மேல்ஸ்தாயி தூரம்வரை கேட்கும். கீழ்ஸ்தாயி காற்றோடு போய்விடும். ஆகவே மூலத்தில் ஆர்மோனியம் எப்போதும் ஒரு ஸ்தாயி மேலே நின்றது. புல்லாங்குழல் பாடகியின் வரியையே மேலே இரட்டித்தது. மூன்று பேர் ஒரே மெட்டை வாசித்தால்தான் பின்வரிசைக்குக் கேட்கும். மூடிய மண்டபத்தில் இந்தத் தேவை எதுவும் இல்லை. ஆனால் முதல் வரைவில் அந்த இரட்டிப்பு முழுவதும் வயலின், புல்லாங்குழல், கிளாரினெற் என்று பெருகி வந்திருந்தது. பாடகி எங்கே நிற்கிறார் என்பதே தெரியவில்லை.

எதை விடுவது

முதல் முடிவு வெட்டுவது. விதைப்புப் பகுதி முழுக்கச் சொற்கட்டு, அதாவது தாளத்துக்குச் சொல்லும் ஜதிகள். ஆடுபவரின் காலும் சலங்கையும் அதில் பாதி. அவை இல்லாமல் அது வெறும் எண்ணிக்கைதான். சூடடிப்போ ஆர்மோனியக்காரரின் விரல் வேகத்தை நம்பி எழுதப்பட்ட ஓட்டம். அதை வயலின்களுக்குக் கொடுத்தால் வாசிக்கலாம், ஆனால் விசைப்பலகையில் இருந்த துள்ளல் வராது. இரண்டும் போயின.

இதற்கு நல்ல முன்னுதாரணம் உண்டு. பிரெஞ்சு இசையமைப்பாளர் மொரிஸ் ராவெல் 1914 முதல் 1917 வரை பியானோவுக்காக எழுதிய கூப்ரன் நினைவுத் தொகுப்பில் 6 பகுதிகள் இருந்தன. 1919இல் ஓர்கெஸ்ட்ராவுக்கு மாற்றியபோது அவர் எடுத்துக்கொண்டவை 4 மட்டுமே. பியூக், டொக்காட்டா இரண்டையும் விட்டார். விசைப்பலகையின் உடம்போடு ஒட்டிய இசையை அங்கேயே விடுவதுதான் முறை என்பது எமது கணிப்பு.

சுருதி

பாடகியின் சுருதி, அதாவது அவருடைய ஸ நிற்கும் இடம், ஐந்தரைக் கட்டை. மேலைத்தேயப் பெயரில் ஜி ஷார்ப். ஆர்மோனியத்துக்கு எந்தக் கட்டையும் ஒன்றுதான். தந்தி வாத்தியங்களுக்கு அப்படியல்ல. மேலைத்தேய வயலினின் நான்கு தந்திகள் ஜி, டி, ஏ, ஈ. ஐந்தரைக் கட்டையில் மோகனம் வாசித்தால் அந்த நான்கில் ஒன்றுகூட இராகத்தில் இல்லை. எல்லா ஸ்வரத்தையும் விரலால் அழுத்தியே எடுக்கவேண்டும். தந்திகள் தாமாக அதிர்ந்து உதவமாட்டா. ஓசை மங்கும், சுருதி விலகவும் இடமுண்டு.

அரைக் கட்டை இறக்கி ஐந்தாக வைத்தவுடன் நிலைமை தலைகீழானது. ஜி சட்ஜமம், அதாவது ஸ. அப்போது மோகனத்தின் ஸ ரி க ப த ஐந்தும் ஜி, ஏ, பி, டி, ஈ. வயலினின் நான்கு திறந்த தந்திகளும் ஸ, ப, ரி, த ஆகிவிட்டன. டபிள் பாஸின் ஈ, ஏ, டி, ஜி நான்கும் அப்படியே. செலோவிலும் வியோலாவிலும் மட்டும் ஒரு எச்சரிக்கை: அவற்றின் தடித்த தந்தி சி. அது மத்திமம், மோகனத்தில் இல்லாத ஸ்வரம். அதைத் திறந்து வாசிக்கும்படி எங்கும் எழுதக்கூடாது.

ஒப்பாரிக்கு இதே சுருதி வேறு விதமாக உதவியது. அது நாதநாமக்கிரியையில் அமைந்தது. ஜியில் அதன் ரிஷபம் ஏ பிளாட், தைவதம் ஈ பிளாட். ஆகவே திறந்த ஏயும் ஈயும் இராகத்துக்கு வெளியே போய்விடுகின்றன. ஜியும் டியும் மட்டும் அதிரும். அரிவி வெட்டில் பளீரென்று கேட்கும் அதே தந்திகள் ஒப்பாரியில் அடங்கிக் கேட்பதற்கு இதுவே காரணம். ஓசையை அடக்கும் மியூட் மாட்டவேண்டிய தேவை பெரும்பாலும் வரவில்லை.

பாடகிக்கு அரைக் கட்டை இறக்கம் சிரமம் தரவில்லை. மிருதங்கத்துக்கு உயர் சுருதி வகை போதும். அதன் வலப்பக்கத் தோலான வலந்தலையை ஐந்தில் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் சேர்ப்பது சுருதிப்பெட்டியோடு அல்ல, ஓபோ கொடுக்கும் ஏயோடு. ஓர்கெஸ்ட்ரா ஏ = 440 ஹேர்ட்ஸில் நிற்கிறதா 442இலா என்று முன்கூட்டியே கேட்டு, மிருதங்கம், கர்நாடக வயலின் இரண்டையும் அதற்கு வைக்கவேண்டும். பழைய ஆர்மோனியத்தை மட்டும் இழுத்து நிறுத்த முடியாது. அதை மேடையிலிருந்து எடுத்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

வாத்தியங்களின் எண்ணிக்கை

முதல் வயலின் 8, இரண்டாம் வயலின் 6, வியோலா 4, செலோ 4, டபிள் பாஸ் 2. ஆக 24. புல்லாங்குழல் 2, ஓபோ 1, கிளாரினெற் 2, பசூன் 1, ஹோர்ன் 2, ட்ரம்பெற் 1. இவை 9. டிம்பனி வாசிப்பவர் ஒருவர். இவர்களோடு பாடகி, கர்நாடக வயலின், மிருதங்கம், உடுக்கு. மூங்கில் குழலுக்கு இடம் இல்லை. அதன் வரிகளில் கமகம் (ஸ்வரத்தை அசைத்தோ இழைத்தோ இசைப்பது) இல்லாதவை முதல் புல்லாங்குழலுக்குப் போயின, மற்றவை நீக்கப்பட்டன.

இலங்கையில் ஓபோ, பசூன் வாசிப்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே அவ்விரண்டின் முக்கிய வரிகளையும் சிறிய எழுத்தில் கிளாரினெற், செலோ தாள்களிலும் அச்சிட்டு வைப்பது நல்லது. ஓபோ வராத நாளில் நிகழ்ச்சி நிற்காது. ஒப்பாரியில் மட்டும் ஓபோக்காரர் ஓபோவின் தாழ்ந்த வகையான இங்கிலிஷ் ஹோர்னை எடுக்கவேண்டும். காரணம் வீச்சு. நாதநாமக்கிரியை நிஷாதத்தில் தொடங்கி நிஷாதத்தில் முடியும், ஒரு ஸ்தாயிக்குள் அடங்கும் இராகம். ஐந்து கட்டையில் அது பாடகியின் கீழ் எஃப் ஷார்ப்பில் தொடங்குகிறது. ஓபோவின் அடி ஸ்வரம் பி பிளாட். அந்த எஃப் ஷார்ப் அதில் இல்லை. இங்கிலிஷ் ஹோர்ன் அதற்கும் கீழே ஈவரை போகும்.

ஆர்மோனியத்தின் வேலையைப் பங்கிடுதல்

ஆர்மோனியம் மூலத்தில் மூன்று வேலைகள் செய்தது: ஸ-ப சுருதி, பாட்டைத் தொடர்ந்து வாசித்தல், இடைவெளி நிரப்பல். இரண்டாவது முழுமையாக நீக்கப்பட்டது. முதலாவது செலோக்களுக்கு வந்தது. 2 பேர் திறந்த ஜி, 2 பேர் திறந்த டி. நால்வரும் ஒரே நேரத்தில் வில்லைத் திருப்பக்கூடாது என்று தாளில் எழுதவேண்டும். எழுதாவிட்டால் பழக்கத்தால் சேர்ந்தே திருப்புவார்கள், சுருதி மூச்சு வாங்குவதுபோல் கேட்கும். முதல் வரைவில் ஹோர்ன் இரண்டும் 40 விநாடிக்கு மேல் ஒரே ஜியைப் பிடிக்க எழுதப்பட்டிருந்தது. மெல்லிய ஓசையில் அது ஆகாத காரியம். ஆதி தாளத்தில் அட்சரம் (தாளத்தின் ஓர் எண்ணிக்கை) ஒரு விநாடி என்றால், 8 அட்சரச் சுற்றான ஆவர்த்தனம் 8 விநாடி. ஒருவர் 2 ஆவர்த்தனம், அடுத்தவர் 2, மாறும் இடத்தில் ஒரு அட்சரம் இருவரும் சேர்ந்து. இப்படி எழுதியதும் சரியானது.

மூன்றாவது வேலையில்தான் பலர் தவறுகிறார்கள். இடைவெளியை நிரப்ப மேலைத்தேய கோர்ட் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வர அடுக்கு) வைக்கும் ஆசை எழும். மோகனத்தின் ஐந்து ஸ்வரங்களில் மூன்று ஸ்வரக் கோர்ட் இரண்டே அமையும்: ஜி மேஜர், ஈ மைனர். முடிவுக்கு வழக்கமாக வைக்கும் டி மேஜரில் எஃப் ஷார்ப், அதாவது நிஷாதம் வருகிறது. சி மேஜரில் மத்திமம் வருகிறது. முதல் வரைவின் அரிவி வெட்டில் ஒவ்வொரு சரண முடிவிலும் டி மேஜர் நின்றது. அந்த ஒரு விநாடியில் மோகனம் கலைந்து, எங்கோ கேட்ட மெல்லிசையாகிவிடும். இறுதி வடிவில் அந்த இடங்களில் ஈ-ஏ-டி, ஏ-டி-ஜி என்று நான்காம் இடைவெளியில் அடுக்கிய ஸ்வரங்கள் மட்டுமே வருகின்றன. எல்லாம் இராகத்துக்கு உள்ளேயே. கர்நாடகக் காதுக்கு உறுத்தாது. ஓர்கெஸ்ட்ராவுக்கும் கனம் கிடைக்கும்.

பாடகி பாடும்போது அவருடைய வீச்சு ஏறத்தாழ கீழ் ஜியிலிருந்து மேல் பஞ்சமமான டிவரை. அந்த ஒன்றரை ஸ்தாயியில் வேறு எவரும் நிற்பதில்லை என்பதை விதியாகவே வைத்தார் இசையமைப்பாளர். செலோவும் பாஸும் அதற்குக் கீழே. வயலின்களும் புல்லாங்குழலும் அதற்கு மேலே, மிக மெல்லியதாக. நடுவே ஒரு கிளாரினெற், அதுவும் அவர் மூச்சு எடுக்கும் இடத்தில் மட்டும். வியோலாக்காரர்களுக்கு இதனால் நீண்ட ஓய்வு வருகிறது. ஓய்வு எழுதத் தயங்கக்கூடாது.

கமகம்

8 வயலின்கள் ஒன்றாகக் கமகம் வாசித்தால் ஒவ்வொருவரின் அசைவும் ஒவ்வொரு வேகத்தில் போகும். கேட்பது கமகம் அல்ல, சுருதி பிசகிய ஒற்றை ஸ்வரம். ஆகவே மூலத்தின் கமகங்கள் மூன்றாகப் பிரிக்கப்பட்டன.

ஜாரு போன்ற நேரான இழைப்புகளை வயலின் குழு முழுவதுக்கும் கொடுக்கலாம். ஆனால் கோடு போட்டு விட்டுவிட்டால் சிலர் ஸ்வரத்தின் தொடக்கத்திலிருந்தே இழைப்பார்கள், சிலர் கடைசியில் குதிப்பார்கள். இழைப்பு எங்கே தொடங்குகிறது என்று தனி ஸ்வரமாக எழுதிக் காட்டவேண்டும்: முக்கால் அட்சரம் நேராக நிற்கவும், கடைசிக் காலில் இழைக்கவும். கூடவே எந்தத் தந்தி, எந்த விரல் என்பதும் வேண்டும். கர்நாடக வயலின்காரர் தரையில் அமர்ந்து வயலினின் தலையைக் காலில் தாங்குவதால் இடக்கை முழுச் சுதந்திரத்தோடு ஓடும். நாடியில் பிடித்து வாசிப்பவருக்கு அந்த வசதி இல்லை. தந்தி மாறினால் இழைப்பு உடையும்.

ஸ்புரிதம் போன்ற தட்டல்களைச் சிறு முன்ஸ்வரமாக எழுதினால் போதும்.

அசைத்து நிற்கும் கம்பிதம் யாருக்கும் எழுதப்படவில்லை. அது பாடகிக்கும் கர்நாடக வயலினுக்கும் உரியது. ஆனால் அவர்கள் ஒரு ஸ்வரத்தை அசைக்கும்போது பின்னால் வேறெவரும் அதே ஸ்வரத்தை நேராகப் பிடித்திருக்கக்கூடாது. ஒப்பாரியில் பாடகி ரிஷபத்தை அசைக்கிறார். முதல் வரைவில் வியோலாக்கள் ஏ பிளாட்டில் நேராக நின்றன. இரண்டும் உரசி, பாடகிதான் சுருதி விலகியவர்போல் கேட்டது. அத்தகைய இடங்களில் பின்னணி சட்ஜமத்திலோ பஞ்சமத்திலோ மட்டும் நிற்கவேண்டும்.

தாளமும் தாளும்

ஆதி தாளத்தின் 8 அட்சரங்கள் நான்கு-நான்காக இரண்டு பார், அதாவது மேலைத்தேயத் தாளில் இரண்டு கட்டம். காவல் பகுதி மிஸ்ர சாபு: எட்டில்-ஏழு (7/8), 3+2+2 என்று பிரித்து, நடத்துநர் ஒரு பாருக்கு மூன்று அடி காட்டுவார், முதலாவது நீளம். அரை இட எடுப்பை, அதாவது தாளம் தொடங்கிச் சற்றுப் பிறகு பாட்டு தொடங்குவதை, முந்தைய பாரின் வாலாக எழுதக்கூடாது. தாளத்தின் முதல் அட்சரத்தில் பார் தொடங்கி, அங்கே ஓய்வுக்குறி இட்டுப் பிறகு பாட்டு வரவேண்டும். அப்போதுதான் மிருதங்கக்காரரின் சமமும் (தாளச் சுற்றின் தொடக்கம்) நடத்துநரின் கீழ்வீச்சும் ஒன்றாக விழும்.

வன்னியின் முல்லைமோடிக் கூத்தைக் கேட்டு வளர்ந்தவருக்குக் காலம் ஏறுவது இயல்பு. கூத்தை நடத்தும் அண்ணாவியாரின் மத்தளம் முடுக்கும், பாட்டு தொடரும், யாரும் எழுதிவைப்பதில்லை. 38 பேருக்கு அது போதாது. எந்த ஆவர்த்தனத்திலிருந்து எந்த ஆவர்த்தனம்வரை, எந்த வேகத்திலிருந்து எந்த வேகத்துக்கு என்று எழுதவேண்டும். ஆட்டம் முடியும்வரை திருப்பிப் பாடும் இடங்களுக்கும் எண்ணிக்கை வைக்கவேண்டும்.

அரிவி வெட்டின் கடைசித் தீர்மானம், அதாவது மூன்று முறை வந்து சமத்தில் முடியும் தாளக்கோவை, நல்ல உதாரணம். திஸ்ர நடையில், அட்சரத்துக்கு 3 மாத்திரையாக, 8 அட்சரம் 24 மாத்திரை. எட்டில்-ஆறில் (6/8) 4 பார். ததிங்கிணதொம் என்ற 5 மாத்திரைச் சொல் மூன்று முறை, இடையே 2 மாத்திரைக் கார்வை (இடைநிறுத்தம்) இரண்டு. 5+2+5+2+5 = 19. ஆகவே சமத்திலிருந்து 5 மாத்திரை விட்டுத் தொடங்கவேண்டும். முதலாவது சொல் முதல் பாரின் கடைசி மாத்திரையில் தொடங்கும், இரண்டாவது மூன்றாம் பாரின் தலையில், மூன்றாவது நான்காம் பாரின் இரண்டாம் மாத்திரையில். ஸ்வரங்களின் மேற்கோட்டைப் பார் எல்லையைத் தாண்டி ஐந்தைந்தாகச் சேர்த்து வரைந்தால் வாசிப்பவருக்குச் சொல் கண்ணில் தெரியும். முதல் வரைவில் இதை எல்லோரும் வாசித்தார்கள். பாஸ் தந்தி வில்லில் ஓசை எழுவதற்குள் அடுத்த மாத்திரை வந்துவிடும், எல்லாம் குழம்பியது. இறுதி வடிவில் மிருதங்கத்தோடு கிளாரினெற்களும், விரலால் சுண்டும் வயலின்களும் மட்டும். மற்ற அனைவரும் சமத்தில் வந்து விழுகிறார்கள்.

ஒப்பாரிக்குத் தாளம் இல்லை. பார் போட்டு எண்ணவைத்தால் அது ஒப்பாரியாகவே இராது. பாடகியின் வரி எல்லோருடைய தாளிலும் சிறு ஸ்வரமாக அச்சிடப்பட்டது. கொழும்பில் வாசிப்பவர்களில் தமிழ் தெரியாதவர் பலர் இருப்பர் என்பதால் சொல்லை நம்ப முடியாது. நடத்துநர் அடி காட்டாமல் மாற்றம் வரும் இடத்தில் மட்டும் கை காட்டுவார். பாடகியின் தாளில் மேலே தமிழில் ஸ்வரமும் சாகித்தியமும், கீழே மேலைத்தேயக் கோடு. மிருதங்கக்காரருக்குக் கோடே வேண்டாம். ஆவர்த்தன எண்ணும் நடை மாற்றமும் தீர்மானமும் எழுதிய ஒரு பட்டியல் போதும். ஆனால் அந்த எண்களும் ஓர்கெஸ்ட்ராத் தாள்களின் ஒத்திகை எண்களும் ஒன்றாக இருக்கவேண்டும். இதை மறந்தால் ஒத்திகையில் பாதி நேரம் இடம் தேடுவதில் போகும்.

ஒலியின் எடை

மிருதங்கம் ட்ரம்பெற்றுக்கு முன் மெலிந்தது. அதன் இடப்பக்கத் தோலான தொப்பியின் ஓசை டிம்பனிக்கு அடியில் காணாமல் போகும். ஆகவே டிம்பனி, ஜியிலும் டியிலும் சேர்த்தது, மிருதங்கம் ஓயும் இடங்களில் மட்டும் வருகிறது. மிருதங்கம் நடத்துநரின் இடப்பக்கம், தாழ்ந்த மேடையில். டபிள் பாஸ் 10 மீட்டர் பின்னால் நின்றால் ஒலி வந்து சேர 30 மில்லிவிநாடி ஆகும். வில் ஓசை எழும் தாமதம் வேறு. மிஸ்ர சாபு வேகத்தில் இது தொளதொளவென்று கேட்கும். பாஸ் இருவரையும் மிருதங்கத்துக்குப் பின்னால் கொண்டுவந்து, அந்தப் பகுதி முழுவதையும் சுண்டி வாசிக்கவைத்ததும் இறுகியது.

கணினியில் மியூஸ்ஸ்கோர் போன்ற இசை எழுதும் மென்பொருள் வாசித்துக் காட்டும்போது இந்தச் சிக்கல்கள் எவையும் கேட்கமாட்டா. கீழ்ஸ்தாயிப் புல்லாங்குழல் ட்ரம்பெற்றுக்கு மேலே தெளிவாகக் கேட்கும். மண்டபத்தில் அது கேட்கவே கேட்காது. எழுத்துப் பிழை பார்க்க மட்டும் அதை நம்பலாம். கிளாரினெற், ஹோர்ன் தாள்களை அச்சிடுமுன் அவற்றுக்குரிய சுருதிக்கு மாற்றியாயிற்றா என்பதையும் பார்க்கவேண்டும்: ஜி சட்ஜமம் கிளாரினெற்றில் ஏ, ஹோர்னில் டி.

ஒத்திகையில் முதலில் தந்தி வாத்தியங்கள் மட்டும். இழைப்புகள் ஒன்றாக வரும்வரை காற்று வாத்தியங்களைச் சேர்ப்பதில் பயன் இல்லை. கிளிநொச்சியில் பாடகி, கர்நாடக வயலின், மிருதங்கம், உடுக்கு நால்வரும் கணினி ஓசையோடு பழகலாம், ஒப்பாரியைத் தவிர. கணினி யாருக்காகவும் காத்திருக்காது. பாடகி தன் மூச்சைச் சுருக்கப் பழகிவிடுவார்.

உடுக்குச் சிக்கல் முழுமையாகத் தீரவில்லை. இடையில் உள்ள கயிற்றை அழுத்தும்போது அதன் சுருதி ஏறி இறங்குவதுதான் அதன் உயிர். அம்மன் கோயில்களில் அதைக் கேட்டவர்களுக்கு வேறெதுவும் ஈடாகாது. ஆனால் மண்டபத்தின் குளிரூட்டியில் தோலின் இறுக்கம் மாறி, ஒத்திகையில் நின்ற இடத்தில் இரவில் நிற்காது. இப்போதைய ஏற்பாடு இரண்டு உடுக்குகள். ஒன்று காவலுக்கு, மற்றது ஒப்பாரிக்கு. இரண்டையும் மேடையிலேயே வைத்துப் பழக்கி, உடுக்கு தனித்து ஒலிக்கும் இடங்களில் ஹோர்ன் சுருதியை நிறுத்திவிடுவது. அப்போது சுருதி சற்று விலகினாலும் ஒப்பிட வேறு ஸ்வரம் இராது.

6 பேரின் வடிவத்தை இசையமைப்பாளர் திரும்பப் பெறவில்லை. அமெரிக்க இசையமைப்பாளர் ஆரன் கோப்லண்டின் பாலே இசை ஒன்று 1944இல் 13 வாத்தியங்களுக்கு எழுதப்பட்டு, அடுத்த ஆண்டு ஓர்கெஸ்ட்ராத் தொகுப்பானது. இன்றும் இரண்டும் வாசிக்கப்படுகின்றன. இங்கேயும் கோயில் வீதிக்குச் சிறியது, மண்டபத்துக்குப் பெரியது. சிறிய வடிவத்தில் ஒரே ஒரு மாற்றம் வந்திருக்கிறது: ஒப்பாரியில் ஆர்மோனியம் இனிப் பாட்டைத் தொடர்வதில்லை, ஸ-ப மட்டும் பிடிக்கிறது.